உபால்தோ தெசேரி வாயை மூடிய நாள்

இறைச்சிக் கடைக்காரன் பொட்டலம் கட்டுகிற பழுப்புத் தாளை ஒரு முழம் கேட்டு வாங்கி, காப்பிக் கடை மேசையில் விரித்து, கரித்துண்டால் போஸ்டர் வரைந்துகொண்டிருக்கிறார் உபால்தோ தெசேரி. ஒரு பாதாளக் கதவு. அதிலிருந்து நீளும் ஒரு கை. கதை இன்னும் பிறக்கவில்லை. விநியோகஸ்தர்கள் தாளைப் பார்த்துத் தலையாட்டினால்தான் கதை. "கை யாருதுன்னு கேக்கறானுங்க. எனக்கே தெரியாதேய்யா. தெரிஞ்சா அப்புறம் எதுக்குப் படம் எடுக்கணும்?" என்பார்.

வயது அறுபத்தெட்டு. தயாரிப்பும் அவர்தான், இயக்கமும் அவர்தான். ரோமுக்கு வெளியே ஒரு கல்குவாரி இருக்கிறது. அவர் படங்களில் அது சில வருஷம் கிரேக்கப் பயில்வான்களின் போர்க்களம், பல வருஷம் டெக்சாஸ், ஒரே ஒரு தடவை நிலா. போஸ்டரில் அவர் பெயர் டெட் ஹார்லன். ரோம்காரன் எடுத்த கௌபாய் படத்துக்கு ரோம்காரனே டிக்கெட் வாங்க மாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. கௌபாய் செத்ததும் கொலைகாரன் படம், கொலைகாரன் அலுத்ததும் எழுந்து நடக்கிற பிணங்கள். "ஜனங்களுக்கு எது பயமோ அதை எடுக்கறேன். பாதிரியாரும் அதைத்தானே செய்யறாரு?"

பத்திரிகைக்காரர்கள் அவர் படத்தைக் குப்பை என்று எழுதுவார்கள். அவர் பதில் எழுத மாட்டார். எழுதியவரின் பெயரை அடுத்த படத்தில் முதலில் சாகிறவனுக்கு வைத்துவிடுவார். இதுவரை ஏழு விமரிசகர்கள் காலி. அதில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் இரண்டு ரீல் தாண்டிக் கொன்றிருக்கக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

அவர் படப்பிடிப்பு சந்தைக்கடைதான். கேமரா ஓட ஓடக் கத்துவார்: "இடது பக்கம் பாரும்மா, ஆ, சத்தம் கேட்டுது, உன் தம்பிதான், செத்துட்டான், அழாதே, இன்னும் அழாதே!" கத்தலாம், தப்பில்லை. அங்கே படப்பிடிப்பில் பேசுகிற பேச்சு எதுவும் படத்தில் வராது. பிறகு வேறு யாரோ அறையில் உட்கார்ந்து வசனம் பேசி ஒட்டுவார்கள். நடிக்கிறவர் வாய் அசைந்தால் போதும். பலபேர் வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படி எண்ணுவதில் நீவெஸ் காம்போராவுக்கு நிகர் யாருமில்லை. உபால்தோவின் படங்கள் இருபத்திரண்டில் நடித்தவள். காதலையும் எண்ணினாள், சாபத்தையும் எண்ணினாள். அவள் 'ஏழு' என்று சொல்லி ஒருத்தனைப் பார்த்தால் அவன் தேறமாட்டான். இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. வேறு யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

போன அக்டோபரில் வந்து சேர்ந்தது வினை. பிணங்கள் படத்துக்குப் பணம் போட்டது ஒரு தொலைக்காட்சி நிறுவனம். கூடவே சர்த்திரானா என்ற இளைஞரையும் அனுப்பியது. நேரடி ஒலிதான் வேண்டும், நடிப்பவர் குரலே படத்தில் வரவேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. நீவெஸுக்கு வசனம் மனசில் நிற்காது என்று சர்த்திரானாவின் காதுக்கு யாரோ எட்ட வைத்துவிட்டார்கள்.

"மிலானோல ஒரு நாடக நடிகை இருக்காங்க, டைரக்டர் சார். நாளைக்கே வந்துடுவாங்க."

"வரட்டும் டாக்டரே. ஊரைச் சுத்திக் காட்டி அனுப்பி வைங்க."

படித்தவன் எவனையும் டாக்டர் என்பது ரோம் மரியாதை. உபால்தோ வாயில் அது வசவாகக் கேட்கும்.

சர்த்திரானா முகம் சிவந்தது. "ஒரே ஒரு டேக் பாக்கறேன். அந்த அம்மா நாலு வரி சொல்லலைன்னா வேற ஆளு. நீங்க ஒத்துக்கலைன்னா கேமரா, விளக்கு, ஆளுங்க எல்லாம் மத்தியானமே கிளம்பிடும். படம் அதோட சரி."

நீவெஸ் ஒரு வாரம் ராப்பகலாக உருப்போட்டிருந்தாள். செத்துப்போன மகன் நிலவறைக் கதவைத் தட்டுகிறான். தாய் கதவில் கன்னத்தை வைத்து அவனோடு பேச வேண்டும். டேக்குக்கு முன்னால் உபால்தோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கத்தாம இருந்தா எனக்குப் பயமா இருக்குடா."

"எனக்கும்தான். நீ போய் நில்லு."

கேமரா ஓடியது. உபால்தோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நாலு வரிக்காக அந்த வாய் முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக மூடியது. கதவு தட்டப்பட்டது. நீவெஸ் கன்னத்தை வைத்தாள், கண் நிறைந்தது, வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு... மூணு."

விளக்குக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குத் தான் எண்ணுவதே தெரியவில்லை. எட்டில் மகனைத் தாலாட்டினாள். பன்னிரண்டில் கோபித்துக்கொண்டாள், ஏன் என்னை விட்டுப் போனாய் என்பதுபோல. பதினைந்தில் குரல் உடைந்தது. ஒலிக்கருவியைப் பிடித்திருந்த தடியன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். இந்தக் குரலையா இத்தனை வருஷம் அழித்துவிட்டு எவளெவளோ குரலை ஒட்டினோம் என்று உபால்தோவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு படத்திலும் இது இங்கேதானே இருந்தது.

"பத்தொம்பது," என்றாள் நீவெஸ்.

"நிறுத்துங்க," என்றார் சர்த்திரானா. "போதும், நிறுத்துங்க. நான்தான் சொன்னேனே."

நீவெஸுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்து உபால்தோவைப் பார்த்தாள். கேமராக்காரரும் அவரைத்தான் பார்த்தார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

உபால்தோ சர்த்திரானா பக்கம் திரும்பவில்லை. வாயும் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் அவள் கண்ணுக்கு நேராகத் தூக்கி, பத்து விரலையும் விரித்தார். மடக்கி, மறுபடியும் பத்தையும் விரித்தார்.