பாதி வெளுத்த குல்லா

அப்பா வேலை பார்த்த இடத்தில், ஒரு சுவரில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைத்தவள் நான். அப்போது எனக்கு ஏழு வயது. பெரிய உபகாரம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

குன்னூருக்கு மேலே, எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பும் நிலையத்தில் அப்பா ஆபரேட்டர். தண்ணீரில் கலக்கும் குளோரின் வாயு ஆள் உயரச் சிலிண்டர்களில் வரும். அவை நிற்கும் அறைக்கு வெளியே எனக்காக ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அப்பாவின் வித்தையைப் பார்ப்பேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, அம்மோனியாவில் தோய்த்து, சிலிண்டர் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் காட்டுவார். வாயு கசிந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புகை எழும். எழவில்லையென்றால், "இன்னிக்கு நல்லாத் தூங்குது அம்மணி" என்பார். ஒரே ஒரு நாளாவது புகை வராதா என்று எனக்கு ஆசையாக இருக்கும். அந்த ஆசையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓட்டைகள் அந்த அறையின் பின்சுவரில், தரையை ஒட்டி இருந்தன. ஜன்னலைக் காலடியில் கொண்டுபோய் வைத்த கொத்தனார் சுத்த முட்டாள் என்று அப்பாவிடமே சொல்லியிருக்கிறேன். "அது காத்துப் போறதுக்கு" என்றார். எந்தக் காற்று என்று அவர் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற நானும் அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை.

தை மாதம். விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி, மதியம் சுள்ளென்ற வெயில். அப்பாவின் பாதங்கள் வெடித்துவிட்டன. விளக்கெண்ணெய் தேய்த்துவிட்ட அம்மா பொரிந்து தள்ளினாள்: "ஏனுங்க, அந்த ஓட்டைல எதையாச்சும் அடைச்சுப்போட்டா என்னங்க? காலைப் பாருங்க, பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது."

"அதுல கை வெக்கக்கூடாது" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் நியாயம் எப்போதும் அம்மா பக்கம்தான் என்பது என் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். முன்பக்க வெயிலில் அவர் சாப்பிட உட்கார்ந்ததும், நான் பின்பக்கம் நழுவினேன். படிகாரம் வந்த காலிச் சாக்குகள் இரண்டு கிடந்தன. சுருட்டி, வெளியிலிருந்தே இரண்டு ஓட்டைகளில் திணித்துவிட்டேன். மூன்றாவதற்குச் சாக்கு இல்லை. தலையில் இருந்த புதுச் சிவப்புக் கம்பளிக் குல்லாவைக் கழற்றினேன். ஊட்டியில் அடம்பிடித்து வாங்கிய குல்லா. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதையும் சொருகினேன். குல்லாவைத் தொலைத்துவிட்டேன் என்று வீட்டில் இரண்டு அடி விழுந்தது. அப்பாவுக்குக் கால் குளிராதே என்ற பெருமையில் அதுகூட வலிக்கவில்லை.

மறுநாள் நடந்ததை அப்பாவோடு வேலை பார்த்த மாமா அம்மாவிடம் சொல்லக் கேட்டேன். இரவு எப்போதோ ஒரு மூட்டில் வாயு கசிந்திருக்கிறது. காலை ஷிப்டுக்குப் போன அப்பா கதவைத் திறந்ததுமே தெரிந்துகொண்டு, முகமூடி மாட்டி உள்ளே போய், வால்வை மூடிவிட்டு, ஒரு சேதமும் இல்லாமல் வெளியே வந்துவிட்டார். மாமா அதிகாரிக்குப் போன் செய்யப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அப்பா பின்சுவரின் ஓரம் குப்புறக் கிடந்தார். முகத்தில் முகமூடி இல்லை.

"முகமூடில வாயுவை வடிகட்டுற டப்பா தீந்துபோச்சுன்னு அவருதானுங்க்கா கழட்டி வெச்சாரு" என்றார் மாமா. "அப்பறம் எதுக்குப் பின்னாடி போனாருன்னே தெரியலீங்க. சாக்கை உருவத்தான்னா, ரெண்டு சாக்கும் வெச்ச எடத்துல அப்படியே இருக்குதுங்க. மூணாவது ஓட்டைதான் தொறந்து கெடந்துச்சு."

அப்பா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். அவர் திரும்பியபின், அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்து, சாக்கை அடைத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தானுங்க. குளுரு தாங்கலீங்க" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை என்னுடையது, பெயர் அவருக்கா? "இல்லீங்க" என்று நான் வாயெடுப்பதற்குள், கட்டிலோரம் நின்ற என் கையைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்ததே இல்லை. அலட்சியம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போனார். அப்பாவின் ஆபரேட்டர் வேலை அதோடு போயிற்று.

அன்று மாலை அவருடைய ஆஸ்பத்திரிப் பையிலிருந்து என் குல்லா வெளியே வந்தது. துவைத்து மடித்திருந்தது. ஒரு பாதி சிவப்பு, மறுபாதி அழுக்கு வெள்ளை. "வழில கெடந்துச்சு அம்மணி. வெயில்ல வெளுத்துப்போச்சு" என்றார். அப்பா பிழைத்து வந்ததற்கு அழாத நான், அந்தக் குல்லாவுக்காக வீடே அதிர அழுதேன். வேறு வாங்கித் தருவதாகச் சொன்னார்.

பதினோராம் வகுப்பில் வேதியியல் டீச்சர் ஒரு ஜாடியைக் காட்டி, குளோரின் காற்றைவிடக் கனம், தரையோடுதான் தவழும், அதனால் அறைகளில் அதற்குத் தரைமட்டத்தில் வழி விடுவார்கள் என்றார். பிறகு ஈரமான செம்பருத்தி இதழை அதற்குள் போட்டார். சிவப்பு போய் வெள்ளையானது. வகுப்பு கை தட்டியது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் தேங்கியது முழுவதும் முகத்தில் அடிக்கும் என்று தெரிந்தேதான் அவர் குனிந்திருக்கிறார். அதிகாரி வருமுன் என் குல்லாவை மட்டும் உருவ அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. கேட்டு அழலாம் என்றால், அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சொன்னபடி அவர் அப்போதே புதுக் குல்லா வாங்கி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரண்டாவது வாரம், தனியாக ஊட்டிக்கு பஸ் ஏறிப் போய், அதே சிவப்பில். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பது படிகள். முன்பெல்லாம் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுவார். அன்று எட்டுப் படிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்து அசையாமல் நின்றார். எனக்குப் பிடித்த விளையாட்டை அவர் ஆடுவதாக நினைத்து, மேல்படியில் குதித்துக்கொண்டு, அவர் நின்ற ஒவ்வொரு முறையும் "ஸ்டாச்சு! ஸ்டாச்சு!" என்று கத்தினேன்.