குழிக்குள் புளித்த சோளம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், இலங்கையின் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்தது இது. நான் கொழுந்து பறிப்பவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறி நிலமும் ஒரு கறவைப் பசுவும்தான் எங்கள் சொத்து.

எங்கள் ஊவா மாகாணத்தில் அந்த மாதங்களில் வெயிலும் காற்றும் சேர்ந்து புல்லைப் பொசுக்கிவிடும். பால் வற்றும். மொனராகலையிலிருந்து வரும் வியாபாரி கேட்ட விலைக்கு மாட்டைக் கொடுத்துவிட்டு, மழை வந்ததும் அதைவிடக் கூடுதல் விலைக்கு வேறு மாடு தேடுவோம். வருடா வருடம் இதே கூத்துதான். அந்த முறையும் என் வீட்டுக்காரர், "வித்துருவோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கேட்கவில்லை. கால்நடை அலுவலகத்தில் நடந்த வகுப்பொன்றில், பசுந்தீனியைக் குழியில் புளிக்கவைத்துக் கோடைக்குச் சேமிக்கும் ஊறுகாய்ப் புல் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, பங்குனி மழையிலேயே போஞ்சி போடும் நிலத்தில் சோளம் போட்டேன். போஞ்சிக்குச் சந்தையில் வியாபாரிகள் வைத்ததே விலை. சோளம் மாட்டுக்குள் போனால் தினமும் பாலாக வரும், சாணம் நிலத்துக்கே திரும்பும். என் கணக்கு அவ்வளவுதான்.

கதிர் பால் பிடித்ததும் தண்டோடு வெட்டி, பொடியாக நறுக்கி, கரும்புப் பாணி தெளித்து, குழியில் கொட்டி மிதித்தேன். மேலே பொலித்தீன் விரித்து, காற்றுப் போகாமல் மண் போட்டு மூடினேன். அவித்துத் தின்கிற சோளத்தை மண்ணில் புதைக்கிறாளே என்று லயமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஒரு மாதம் தாண்டியிருக்கும். குழியோரம் சாறு வடிந்து புளித்த வாடை கிளம்பியது. பிளாஸ்டிக் கான் நிறையப் பாணி வாங்கினாள், குழி வெட்டினாள், இப்போது வாடை வருகிறது. கள்ளச் சாராயம், கசிப்புதான் காய்ச்சுகிறாள் என்று பேச்சுப் பரவிவிட்டது. ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுத்து முடிந்ததும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மண்வெட்டியும் ஆட்களுமாக வந்து நின்றார்.

"தோண்டிப் பாத்துருவோம். இல்லாட்டி தொரைக்கிட்டத்தான் சொல்லணும்."

"முழுசாத் தோண்டினா காத்துப் போயி எல்லாம் அழுகிரும்ங்கய்யா. அப்புறம் மாட்ட விக்கிறதத் தவிர வேற வழியில்ல" என்றேன்.

யாரும் எதிர்பாராமல் என் வீட்டுக்காரர் போய்க் குழிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மாட்ட விக்கச் சொன்னவன் நாந்தான். ஆனா இத மிதிச்சு மூடினவ இவ. இவ சொல்ற மாதிரித்தான் தொறக்கணும்."

கல்யாணத்தன்றுகூட அவர் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

ஒரு மூலையை மட்டும் திறந்து, ஒரு கை அள்ளிப் பசுவின் முன் போட்டேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. பசு மறுபடி குனிந்து, நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. அப்புறம் ஒரு துணுக்கு மிச்சமில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு குழிப்பக்கமே வரப் பார்த்தது.

கணக்கப்பிள்ளையும் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார். "கசிப்பு இல்லப்பா, ஊறுகா வாசம்ல வருது" என்று ஆட்களை அனுப்பிவைத்தார். போகும்போது மெதுவாக, "எங்க வீட்டு மாடும் இதத் திங்குமா?" என்று கேட்டார்.

"திங்குங்க. மொதல்ல சோளம் போடுங்க" என்றேன்.

மாட்டு வியாபாரி வந்தபோது வாசலுக்குப் போய்ப் பேசியதும் என் வீட்டுக்காரர்தான். "இந்த வருசம் மாடு கெடையாதுங்க. எங்க வீட்டம்மா குடுக்க மாட்டா." அடுத்த போகத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் வரிசையாகச் சோளம் நின்றது. சிரித்தவர்கள் வீட்டிலும் நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. ஆனால் புல் கருகிக் கிடந்த அந்த ஆடியில், காலையில் பால் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்தின் முன்வாசல் வழியாக நடந்தேனே, அந்த நடையை இன்று நினைத்தாலும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.