துவக்குக்காரரின் மரியாதை

இத்தாலியில் பலெர்மோவைச் சுற்றியுள்ள வேட்டைக்காரரைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பேச வரும்போது துவக்கை நடுவில் மடித்துத் திறந்து கைமடிப்பில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே தோட்டா இல்லை என்பதை நீங்கள் கண்ணால் காண வேண்டுமாம். நாயைக் கயிற்றில் பிடித்திருப்பார்கள். தொப்பியைக் கழற்றுவார்கள். சுட்டு முடிந்ததும் தோட்டாக் கோதுகளைக் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போடுவார்கள். போகும்போது வாசல் படலையில் ஒரு சோடிப் பறவையைக் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். இத்தனை மரியாதைக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. வரலாமா என்று கேட்கவில்லை.

எங்கள் வீடு நகரத்துக்குள், அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தையின் இரைச்சல் யன்னலால் ஏறி வரும் ஓர் ஒடுங்கிய சந்தில் இருக்கிறது. நான் மன்னாரிலிருந்து வந்தவள். நகரத்தில் ஓர் இத்தாலியச் சீமாட்டியின், என் சிஞோராவின், வீட்டைக் கூட்டித் துடைத்து, சமைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் வன்னிக்காரர், யுத்தம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர். ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுகிறார். ஆள் கதைப்பது குறைவு. காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்தினால் கூட முகம் வெளிறிப் போகும். ஏனென்று நான் கேட்பதில்லை. அவர் சொல்வதுமில்லை.

சிஞோராவுக்குப் பகேரியா என்ற ஊருக்கு வெளியே, தகப்பன் விட்டுப்போன எலுமிச்சைத் தோட்டம் ஒன்று உண்டு. பிள்ளைகள் மிலானுக்குப் போய்விட்டார்கள், புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. கோடையில் தீப்பிடித்தால் தண்டம் கட்ட வேண்டும் என்ற பயத்தில் சிஞோரா, உங்கள் கணவர் புல்லை வெட்டித் துப்புரவாக வைத்திருக்கட்டும், விளைவது உங்களுக்கு என்று சொல்லி இரும்புப் படலையின் பூட்டுத் திறப்பை என் கையில் தந்தார். படலை என்னவோ பெரிய மாளிகைக்குரியதுதான். ஆனால் அதன் இரண்டு பக்கமும் கல்மதில் எப்போதோ இடிந்து விழுந்துவிட்டது. ஆடு மாடு கூடச் சுற்றிக்கொண்டு உள்ளே போகலாம். என் கணவர் மட்டும் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்து உள்ளே போய், திரும்பப் பூட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். "மதில் இல்லாத இடத்திலை என்னத்துக்குப் பூட்டு?" என்று கேட்டால், "திறப்பு எங்கடை கையிலைதானே இருக்கு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயிலில் போய், பின்னேரப் பூசைக்குத் திரும்புவோம். கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், மிளகாய், ஈரமான மூலையில் வல்லாரை. கத்தரிக்கு நடுவில் குருவி விரட்ட ஒரு வெருளிப் பொம்மையும் நட்டார் என் கணவர், என் பழைய மேற்சட்டையைப் போட்டு. அந்த மனிதர் அங்கே கதைக்கத் தொடங்கினார். மிளகாய்க் கன்றை நெருக்கி நட்டதற்காக என்னோடு சண்டை பிடித்தார். சீட்டியடித்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எலுமிச்சை நிழலில் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொண்டார். வீட்டில் ஓர் இலை விழுந்தாலும் எழும்புகிறவர் அவர். அந்த நித்திரையைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகவே நான் விடிய எழும்பிச் சமைத்துக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். வெண்டிக்காய் சந்தையிலும் கிடைக்கும்.

முதல் கோடை முடியும்போது அந்தப் பறவைகள் வந்தன. இங்கே ஃபஜானோ என்கிறார்கள். நம்முடைய சேவலை விடப் பெரிது, கழுத்தில் மயில் பச்சை, கண்ணைச் சுற்றிச் சிவப்பு, பின்னால் ஈர்க்குக் கட்டுப் போல நீண்ட வால். காட்டுப் பறவை என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, சுடுவதற்கென்றே கூட்டில் வளர்த்து, பருவத்துக்கு முன் கொண்டுவந்து வெளியில் விடுவார்களாம். மனிதரைக் கண்டால் தீனி வருகிறது என்று ஓடி வரும். காய்ந்த அந்தப் பகுதியில் நாங்கள் தண்ணீர் ஊற்றும் துண்டு மட்டும் பச்சையாக இருந்ததால் எல்லாம் அங்கேயே கூடின. என் கணவர் சோற்றுப் பருக்கை போட்டார். மண்வெட்டி போகும் இடமெல்லாம் பின்னால் போயின. "உதுகளுக்குப் பயப்பிடவே தெரியாது" என்று அவர் சொன்னதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

செப்டெம்பரில் வேட்டைக் காலம் திறந்தது. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்கச் சுடக்கூடாதாம். எங்கள் ஊரில் சைவக்காரர் மச்சம் மாமிசம் தொடாத அதே இரண்டு நாட்கள். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு லீவு கிடைக்கும் ஞாயிறுதான் அவர்களுக்குத் திருவிழா.

முதலில் வந்தவர் வெள்ளை மீசை வைத்த, என் தகப்பன் வயதுக்காரர் ஒருவர். மதில் இடிந்த பக்கத்தால் வந்தார். கத்தரிக்கு நடுவில் நின்ற என் கணவர் தலையை நிமிர்த்தினார். துவக்கோடு ஆள். மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

மீசைக்காரர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். கடகடவென்று சிரித்து, துவக்கை மடித்துத் திறந்து காட்டி, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். என் கணவரும் சிரிக்க முயன்றார். கைகள் இறங்க நேரம் எடுத்தது. நான் இன்றைக்கும் அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்க நியாயமில்லை என்று தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை.

அன்று தூரத்தில் இரண்டு மூன்று வெடி கேட்டது, அவ்வளவுதான். திரும்பும்போது படலையில் ஒரு சோடி ஃபஜானோ, கால்கள் கட்டி, தலை கீழாகத் தொங்கின. எங்கள் சோற்றைத் தின்றவைதான். தூக்கி எறியுங்கோ என்றேன்.

"சீ, அந்தாள் மரியாதைக்குத் தந்தது. வாசலுக்கு வந்த சாமானைத் திருப்பக் கூடாது."

"நாங்கள் கேட்டனாங்களே?"

"கேக்காமல் தந்ததுதானே மரியாதை" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, சரக்குத்தூள் போட்டுப் பிரட்டல் கறி வைத்தேன். இறைச்சி நல்ல வைரம், வேக மணிக்கணக்காக எடுத்தது. நான் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. என் கணவர் அதோடு விட்டாரா? ஒருவர் தந்ததை வாங்கிவிட்டுச் சும்மா இருப்பது எப்படி என்று, அடுத்த ஞாயிறு, குளிர்பெட்டியில் உறைய வைத்திருந்த அந்தக் கறியில் ஒரு சட்டி நிறைய எடுத்துக்கொண்டு போய் மீசைக்காரரிடம் நீட்டினார். அந்த மனிதர் இடிந்த மதிலில் குந்தியிருந்து பாணைப் பிய்த்துத் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஓடின. என் கணவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். மிச்சத்தைச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை சிஞோரா கைதட்டிக்கொண்டு என்னை வரவேற்றார். மீசைக்காரர் தொலைபேசியில் எல்லாம் சொல்லியிருந்தார்.

"பறவையை எடுத்துக்கொண்டீர்கள், சாப்பாடும் அனுப்பினீர்கள். இனி அவர் உங்கள் விருந்தாளி. எங்கள் பக்கத்தில் இதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊர் வழக்கத்தில், தொங்கவிட்ட பறவையை அப்படியே விட்டுப் போனால் வராதே என்று அர்த்தம். எடுத்தால் வா என்று அர்த்தம். நாங்கள் எடுத்தது மட்டுமல்லாமல், சட்டி நிறையச் சம்மதமும் சமைத்துக் கொடுத்திருக்கிறோம்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு கூட்டமே வந்தது. மீசைக்காரர், மருமகன், மருமகனின் கூட்டாளிகள், அவர்களின் நாய்கள். பறவைகள் வழக்கம்போல மனிதரைக் கண்டதும் தீனிக்கு ஓடி வந்தன. நாய்களை விட்டுக் கலைத்து மேலே எழுப்பிச் சுட்டார்கள். நிற்கிற பறவையைச் சுடுவது மரியாதை இல்லையாம். ஈயச் சன்னங்கள் எலுமிச்சை இலைகளில் மழை போலச் சடசடத்தன. நான் திரும்பிப் பார்த்தபோது என் கணவரைக் காணவில்லை. கத்தரிப் பாத்திக்குள் குப்புறக் கிடந்தார், இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டு. பக்கத்தில் போய்த் தொட்டேன். என் கையைப் பிடித்து இழுத்து என்னையும் மண்ணில் படுக்க வைத்தார். "தலையைத் தூக்காதையும், தலையைத் தூக்காதையும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய வாய்க்குள் மண் இருந்தது.

நான் எழும்பினேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும், தெரியாததையும் சேர்த்துக் கத்தினேன். பயிர் நிற்கிற நிலத்தில் சுடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, எனக்குத் தெரியும் என்றேன். மருமகன் சப்பாத்தால் வல்லாரையைக் கிளறிப் பார்த்தான்.

"எந்தப் பயிர்? இது புல்" என்றான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "முதலில், உங்களுக்கு இங்கே நிற்க யார் அனுமதி தந்தது?"

துவக்கோடு, ஒருவரையும் கேட்காமல், இடிந்த மதிலால் ஏறி வந்தவன் கேட்கிறான். படலையைத் திறப்பால் திறந்து வந்த என்னிடம் கேட்கிறான். மீசைக்காரர் அவனை அதட்டி, எனக்குத் தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் கோதுகளைப் பொறுக்கினார்கள்.

சிஞோராவிடம் போய் அழுதேன். மதிலை நாங்களே எழுப்பித் தருகிறோம், காணி அடைத்திருந்தால் அவர்கள் வர முடியாதுதானே என்றேன். அவர் என் கையைத் தடவினார். நல்ல மனுசிதான், அதுதான் வயிற்றெரிச்சல். அப்பா காலத்திலிருந்தே அவர்கள் வருகிறார்கள், மதில் கட்டி அவர்களின் முகத்தில் அடிக்கவா என்றார். அடைக்காத காணிக்குள் கேட்காமலே வரச் சட்டம் விடுகிறது, அப்படியிருந்தும் அவர்கள் என்னைக் கேட்டார்கள், அந்தப் பண்பை நினைத்துப் பார் என்றார். கடைசியாக, வேட்டை முடியும்வரை நீங்கள் போவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இந்தப் பெண்ணின் வீட்டில் நான் முதல் நாள் படித்த பாடம், திறந்திருக்கும் கதவிலும் நின்று 'பெர்மெஸ்ஸோ', வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும் என்பது. இன்றுவரை கேட்டுத்தான் வைக்கிறேன்.

அந்தக் கிழமை முடியுமுன்பே கறிச்சட்டி சிஞோரா மூலம் திரும்பி வந்தது. மினுங்க மினுங்கக் கழுவி, உள்ளே ஒரு செம்மஞ்சள் மேலங்கி, தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும் நிறத்தில். தோட்டத்தில் வேலை செய்யும்போது உங்கள் கணவர் இதைப் போட்டுக்கொள்ளட்டும், யாரும் பிழையாகச் சுட்டுவிட மாட்டார்கள் என்று மீசைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

"பாத்தீரே, வெறுஞ்சட்டியைத் தரேல்லை" என்றார் என் கணவர். அவர் அதை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அங்கை நாங்கள் வெள்ளைச் சாரத்தையும் சேத்திலை தோய்ச்சுத்தான் கட்டினது. மேலை பிளேனிலையிருந்து ஆள் தெரியக்கூடாதெண்டு."

இத்தனை வருடத்தில் அவர் அந்த நாட்களைப் பற்றி என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு, கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். அவர் மேலங்கியைத் தான் போடவில்லை. வெருளியின் தோளில் மாட்டிப் பொத்தான்களைப் பூட்டிவிட்டார். ஒரு பாத்தி கொத்தினார். எங்கோ ஒரு வெடி கேட்டது. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, "வாரும், போவம்" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், நித்திரை இல்லாமல்.

காய்கள் முற்றிப் போகின்றன என்ற சாட்டில் நான் தனியே போனேன். உண்மையில், எல்லாம் அப்படியே இருக்கிறது, வாருங்கோ என்று வந்து சொல்ல வேண்டும் என்று ஆசை. கத்தரிக்குள் வெருளி நின்றது. பின்னால் போய்ப் பார்த்தேன். மேலங்கியின் முதுகு முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். சுற்றிவரத் தேடினேன். ஒரு கோது கூட இல்லை, எல்லாவற்றையும் மரியாதையாகப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய மடியில் எறிந்தேன். அவர் முழங்காலில் விரித்து, ஓட்டை ஓட்டையாக விரல் நுனியை விட்டுப் பார்த்தார்.

"கிட்ட நிண்டு சுடேல்லை. தூரத்திலையிருந்து, சும்மா பம்பலுக்கு விளையாடியிருக்கிறாங்கள்."

"பொலிசுக்குப் போவம். உதைக் காட்டுவம்."

"என்னெண்டு சொல்லுவீர்? எங்கடை வெருளியைச் சுட்டுப்போட்டாங்கள் எண்டோ?"

நான் கத்தினேன். மீசைக்காரனையும், அவனுடைய மருமகனையும், சிஞோராவையும், கறி கொண்டுபோய்க் கொடுத்த இந்த மனிதரையும் சேர்த்துத் திட்டினேன். அவர் மேலங்கியைக் கடையில் மடிப்பது போல ஓரம் பிடித்து மடித்தார். எழும்பிப் போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தோட்டத்துத் திறப்பை எடுத்தார். மேலங்கியின் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டினார்.

"நாளைக்குச் சிஞோராட்டைக் குடும், அந்தாளிட்டைப் போய்ச் சேரும்" என்றார். "வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதெல்லே."