பாதிகூட ஓடாத பெல்ட்

டெல்லி மயூர் விஹாருக்கு வந்த புதிதில், ஒற்றை கேம்ஷாஃப்ட் என்ஜின் காரைக் கொடுத்துவிட்டு இரட்டை கேம்ஷாஃப்ட் கார் வாங்கினேன். எட்டு வால்வுக்குப் பதில் பதினாறு, வேகமும் அதிகம். பழையதில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுழற்றியது இரும்புச் சங்கிலி. இதில் ரப்பர் பெல்ட்.

“நாலு வருஷமாச்சே, பெல்ட்டுக்கு வயசாயிடுத்தாம், மெக்கானிக் மாத்தச் சொல்றான்” என்றாள் மனைவி.

“கம்பெனி சொன்ன கிலோமீட்டர்ல பாதிகூட ஓடலையே” என்றேன்.

சென்னையில் அண்ணாவுக்கு உடம்பு மிக மோசமென்று தகவல் வந்து விமான நிலையத்துக்கு விரைந்தபோது, வழியில் பெல்ட் அறுந்தது. பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்து என்ஜின் நின்றது. விமானம் போய்விட்டது. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணா இல்லை.

“நீ வந்துட்டியான்னு கேட்டுண்டே இருந்தார்” என்றார் மன்னி.

இப்போது கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நான்கு வருடத்துக்கொருமுறை பெல்ட்டை மாற்றிவிடுகிறேன். அவசரமாகப் போய்ப் பார்க்கத்தான் யாருமில்லை.