எருமையின் வயிறு

என் வாழ்நாளில் நான் வரைந்தது ஒரே ஓர் ஓவியம்தான். அதுவும் ஒருவருடைய வேலைக்கு உலை வைத்தது. ஊர் நன்மை கருதி, அதன்பின் நான் தூரிகையைத் தொடவில்லை.

சித்தப்பா சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அறுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் தமிழ்ப்பள்ளியின் வெளிச்சுவரில், மாட்டுக் கொட்டகைகள் நிறைந்திருந்த பழைய வட்டாரத்தைப் பிள்ளைகளைக் கொண்டே வரைந்து தரும்படி அவரிடம் சொன்னார்கள். சுவர் நன்றாக வந்தால் ஓவிய ஆசிரியர் வேலை என்றார் தலைமையாசிரியர். ஏணியில் நின்றே முதுகு போன சித்தப்பாவுக்கு, நாற்காலி போட்ட வேலை என்றால் சொர்க்கம்.

பகலெல்லாம் பலகை எழுதிவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்குத் தளர்ந்துபோய் வருவார். சுவர் முழுக்கச் சதுரக் கட்டம் போட்டு, ஆளுக்கொரு கட்டமும், அதில் வரவேண்டியதைக் காட்டும் துண்டுச் சீட்டும் கொடுத்தார். ஒருத்திக்குக் கொம்பு, ஒருவனுக்குப் பால்காரர் மீசை. என் சீட்டில் வெறும் கறுப்பு. பெரிய எருமையின் வயிறாம்.

சொந்தச் சித்தப்பாவே இப்படிச் செய்யலாமா? கறுப்பை அடித்துக் காயவிட்டேன். அவர் ஏணியின் கீழ்ப்படியில் கண்ணயர்ந்த சமயம், அதன் நடுவே வெள்ளைச் சாயத்தில் முழுசாக ஓர் எருமைக்கன்றை வரைந்தேன். இடம் போதாமல் காலை மடக்க வேண்டியதாயிற்று. முகம் என்னைப் போலவே வந்துவிட்டது.

"டேய், யார்ரா இது?" கண்விழித்த சித்தப்பா கேட்டார்.

"வெறும் கறுப்பு போரடிக்குது லா, சித்தப்பா."

"எருமை வயித்துல வேற என்னடா இருக்கும், ரோஜாப்பூவா?"

எல்லோரும் சிரித்தார்கள், சுவரைப் பார்க்க வந்த தலைமையாசிரியரைத் தவிர. "நாளைக்குப் பெரியவங்க திறந்து வைக்க வர்றாங்க. இந்தக் கூத்தை இப்பவே அழிச்சிடுங்க. இல்லாட்டி அந்த வேலைக்கு உங்க பேரை நான் சொல்ல முடியாது."

"சரிங்க சார்."

அப்போது சித்தி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத காலம் அது. சித்தி சுவரருகே போய், கன்றின் மடங்கிய காலை விரலால் தொட்டார். ஈரச் சாயம் ஒட்டிக்கொண்டது. அதை அவர் துடைக்கவில்லை.

கறுப்பில் தோய்த்த தூரிகையோடு சித்தப்பா வெகுநேரம் நின்றார். செருப்பில் சாயம் சொட்டியது. பிறகு டப்பாவை மூடினார்.

"கை ஓஞ்சு போச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வேலை வேறு யாருக்கோ போனது. சித்தப்பா மறுபடி ஏணி ஏறினார். சித்தி வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிற வழியில் அந்தச் சுவரருகே சற்று நிற்பார். என் ஓவியத்துக்கு இப்படியொரு ரசிகையா என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கீழே பெயர் எழுதாமல் விட்டோமே என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கிருந்த துக்கம்.