தட்டோரத்து ஏலக்காய்

பிரியாணிக் கடையில் எச்சில் தட்டுகளிலிருந்து பொறுக்கிய ஏலக்காயையும் பட்டையையும் கிராம்பையும், எனக்குச் சோறு போட்ட வீட்டுக்குக் கடையில் வாங்கியதுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஒரு முறை அல்ல... ஒரு மழைக்காலம் முழுவதும்!

சொல்லிவிட்டேன். உங்களுக்குக் குமட்டுகிறதா? குமட்டட்டும். எனக்கும் குமட்டுகிறது.

இதை எனக்கு நானே முதன்முதலாக ஒப்புக்கொண்டது, போர்ட் பிளேரில் ஷாதிபூர் மேட்டிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தபோதுதான். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சாலை வளைந்து வளைந்து இறங்குவதால், எவ்வளவு நடந்தாலும் எனக்குச் சோறு போட்ட ராசாத்தி அக்காவின் வீட்டுத் தகரக்கூரை ஏதாவது ஒரு பக்கத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். பார்த்தேன். யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்தேன். வெட்கம் கெட்டவன்!

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாயப்பட்டறையில் இருந்திருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், கல்யாண மண்டபங்களில் அண்டா கழுவியிருக்கிறேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் தரித்ததில்லை. சென்னையில் கப்பல் நின்றது, ஏறினேன். அந்தமானில் எனக்கு யாரும் இல்லை; அதுதான் காரணம்.

இறங்கிய இடத்தில் பெருமாள் அண்ணன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் விறகு அடுக்கும் சாய்ப்பில் எனக்குப் படுக்கை. ராசாத்தி அக்கா அவருடைய மனைவி. இருவருடைய பெற்றோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சுனாமியில் கடல் வந்து கச்சாலைத் துடைத்துக்கொண்டு போனபிறகு இவர்கள் இருவரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. படுக்க இடம் கொடுத்ததற்கு என்னிடம் எதுவும் வாங்க மறுத்துவிட்டார்கள்.

பஜாரில் ஒரு பிரியாணிக் கடையில் எனக்கு மேசை துடைக்கும் வேலை கிடைத்தது.

ஒன்று கேட்கிறேன். பிரியாணியில் ஏலக்காய் கடிபட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முகத்தைச் சுளித்து விரலால் எடுத்துத் தட்டோரத்தில் வைப்பீர்கள். பட்டையை வைப்பீர்கள். பிரிஞ்சி இலையைச் சப்பிவிட்டு வைப்பீர்கள். எழுந்து போய்விடுவீர்கள். அதற்குப்பிறகு அது என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முதலில் எடுத்தது ஓர் அன்னாசிப்பூ. இதழ் ஒன்றுகூட உடையாமல், யாரோ கழுவி வைத்ததுபோலத் தட்டின் விளிம்பில் கிடந்தது. அன்று காலையில்தான் அக்கா தன் மசாலா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். கப்பல் தாமதம், பஜாரில் எல்லாம் விலை ஏறியிருந்தது. அன்னாசிப்பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சும்மாதான்... அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது! எந்த மேசையில் எது கிடைக்கும் என்று பார்த்தவுடன் சொல்வேன். குழந்தைகளோடு வரும் குடும்பத்தார் கிராம்பைக் கடிக்காமல் எடுத்துவிடுவார்கள். ஆபீஸ்காரர்கள் எல்லாவற்றையும் வரிசையாக விளிம்பில் வைப்பார்கள். குடித்துவிட்டு வருகிறவர்களின் தட்டு வேண்டாம், மென்று துப்பியிருப்பார்கள். ஏலக்காயில் பல் பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பட்டிருந்தால் போட்டுவிடுவேன். அதில் எனக்கு ஒரு நேர்மை வேறு!

கொதிநீரில் உப்புப் போட்டு அலசுவேன். வெயில் அடித்தால் கடைக் கூரைத் தகரத்தில் காயவைப்பேன். மழை என்றால் கடையின் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பழைய தட்டில். காய்ந்ததும் சமையற்கட்டிலிருந்து திருடிய நாலு புதுக் கிராம்பை அதோடு சேர்த்துப் புட்டியில் அடைப்பேன். இரண்டு நாளில் எல்லாவற்றிலும் வாசம் ஏறிவிடும்.

கழுவிவிட்டால் எச்சில் போய்விடுமா? அப்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் நான் ஏன் அதைத் தின்னவில்லை?

அதற்கு வருகிறேன்.

அக்காவிடம் முதல் பொட்டலத்தை நீட்டியபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்து முகர்ந்தாள். பஜாரில் எந்தக் கடை என்று கேட்டாள். வாயில் வந்த ஒரு கடையைச் சொன்னேன். “வீட்டுல என்னா இல்லன்னு பாத்து வாங்கிட்டு வர்றியே தம்பி. இவருக்கு இத்தன வருசத்துல தோணியிருக்கா?” என்றாள்.

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் ‘வீட்டுல’ என்று சொன்னதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எதற்காகத் தொடர்ந்து செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்களே, அதற்காகச் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லை மறுபடி கேட்கத்தான் மறுபடி மறுபடி பொறுக்கினேன். அதே ஏலக்காயை ஒரு கடையில் வாங்கியும் கொடுத்திருக்கலாம். என் கையில் கூலி இருந்தது. கூலியில் நான் புகைத்தேன், சினிமா பார்த்தேன்.

பெருமாள் அண்ணன் எனக்குப் பெயரே வைத்துவிட்டார். நான் வாசலில் நுழைந்தாலே, “அரே, மசாலா சேட் வந்துட்டாரு, நாற்காலி போடு” என்பார். கல்யாணம் ஆனால் பெண்ணுக்குத் தாலிக்குப் பதில் ஏலக்காய் மாலைதான் போடுவேனாம். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன்.

அக்காவின் சமையல் தோட்டத்துச் சமையல். மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கறுக்க வறுத்து, கடைசியில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு இடிப்பாள். ரம்பை என்று ஒரு நீள இலை. குழாயடியில் வாளியில் வளர்த்திருந்தாள். அதையும் நறுக்கி வறுப்பாள். பருப்பில் அந்தத் தூள், மீனில் அந்தத் தூள், கறியில் இரண்டு மடங்கு, மேலே முழு ஏலக்காயும். வாசம் குறைவாக இருப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கும் அவளே ஒரு காரணம் வைத்திருந்தாள். “மேன்லேண்டுல இருந்து கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிருது. கூட ரெண்டு போட்டா ஆச்சு” என்பாள்.

கூட இரண்டு போட்டாள். இருவரும் தின்றார்கள். பெருமாள் அண்ணன் ஏலக்காயைத் துப்ப மாட்டார், மென்று விழுங்கிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டிருந்தேன்... அவ்வளவுதான். நான் தின்னவில்லை. வெள்ளிக்கிழமை என்பேன். வயிறு சரியில்லை என்பேன். கடையில் தின்றுவிட்டேன் என்பேன். தூள் படாத ரசமும் அப்பளமும் போதும் என்பேன். வெறும் சோற்றைப் பிசைந்து விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். அடுத்தவன் எச்சிலை அவர்களுக்குக் கொடுத்தவன், தன் நாக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டான்!

மழைக்காலம் முடியும்போது பெருமாள் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்க முடியவில்லை. அதே நேரத்தில் வீட்டின் சொந்தக்காரர், இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அக்கா வேலை தேடி அலைந்தாள். மரைன் ஹில்லில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் சமையலுக்கு ஆள் தேடுகிறார் என்று தெரிந்தது. அவரும் தமிழ்க்காரர், தூத்துக்குடிப் பக்கம். சம்பளத்தைவிடப் பெரிய விஷயம், அந்த வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. சமையல்காரிக்கு அந்த அறை. புருசனும் தங்கிக்கொள்ளலாம் என்றாராம் நர்ஸம்மா. முதலில் ஒரு நாள் வந்து சமைத்துக் காட்ட வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அறை கிடைத்தால் அவர்கள் தெருவுக்கு வர வேண்டியதில்லை. அது எனக்கும் தெரியும்.

அக்கா தன் தூளை அங்கேயே, அந்த அம்மாவின் கண்முன்னால் வறுத்து இடித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் முழுசாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்தாள். நான் கொடுத்த பட்டை, நான் கொடுத்த ஏலக்காய். காலையில் கிளம்பும்போது டப்பாவை என்னிடம் ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘அதை வைத்துவிட்டுப் போங்கள் அக்கா’ என்று காரணம் சொல்லாமலாவது சொல்லியிருக்கலாம்! நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரை. தலையை ஆட்டினேன்.

மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டாளாம். நான் கடையிலிருந்து வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பெருமாள் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார்.

நர்ஸம்மா டப்பாவைத் திறந்து, முகர்ந்து பார்த்து, சுருள் பட்டை ஒன்றை எடுத்து ஒடித்திருக்கிறார். உள்ளே, சுருளுக்குள், மஞ்சளாக ஒரு பிரியாணிச் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றுதான். ஆனால் அது போதுமே! அந்த அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். டப்பாவோடு எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டியிருக்கிறார். அக்கா தொட்ட பாத்திரங்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். எச்சில் பொறுக்கி என்று பக்கத்து வீட்டாருக்குக் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் குதித்தேன். நாளைக்கே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்றேன். ஆமாம், அப்போதும் அதைத்தான் சொன்னேன்! பெருமாள் அண்ணன் நம்பினார். நானும் வருகிறேன் என்று சட்டையைத் தேடினார்.

அக்கா மட்டும் அசையவில்லை. என் காலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

“கறி வச்சா நீ சாப்புட மாட்டியே தம்பி. ஒரு நாள் வெள்ளிக்கெழமம்ப, ஒரு நாள் வயிறும்ப. எங்கையால ஆக்குனது உனக்குப் பிடிக்கலயாக்கும்னுதான் இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அண்ணன் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி நின்றுவிட்டார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கடல் வந்தப்புறம் கேம்ப்புல வரிசையில நின்னு வாங்கித் தின்னோம். அப்பக்கூட ஒருத்தரு எச்சிய தின்னதில்ல.”

அழவில்லை, திட்டவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய் வாயைக் கொப்புளித்தாள். மறுபடி கொப்புளித்தாள். நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் பையைக் கட்டினேன். பெருமாள் அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார், சாக்கடையைத் தாண்டி வருகிற பன்றிக்கு ஒதுங்குவதுபோல.

அப்படித்தான் அந்த மேட்டிலிருந்து இறங்கினேன்.

இரவு படகுத்துறையில் கிடந்தேன். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மரைன் ஹில்லுக்குப் போவது. நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்வது. ‘பொறுக்கியவன் நான், அந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அறையை அவர்களுக்குக் கொடுங்கள்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மேடு ஏறும்போது வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் போனேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

நர்ஸம்மா வாசலில் நின்றிருந்தார். வெள்ளை முடி, கையில் விளக்குமாறு.

“யாருப்பா? சமையலுக்கு ஆள் வேணும்னு கேட்டு வந்தியா?”

பசித்தது. போர்வை நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் வீட்டின் பக்கவாட்டில் அந்த அறையின் கதவு திறந்து கிடந்தது. இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் இதைவிடப் பசித்த நாட்களில் நான் யாருடைய சோற்றையும் பிடுங்கியதில்லை. அதனால் காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான்: வாயைத் திறந்தேன், அதிலிருந்து வந்தது...

“ஆமாம்மா.”

நகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கல்யாண வீடுகளில் சமைத்திருக்கிறேன் என்றேன். சுத்தம்தான் முக்கியம் என்றார்.

“நேத்து ஒருத்தி வந்தா. பாத்தா மரியாதப்பட்ட பொம்பளையாத்தான் இருந்தா. எச்சித் தட்டுல பொறுக்குனத டப்பாவுல போட்டுக் கொண்டாந்து எனக்கே ஆக்கிப் போடப் பாத்தா. நல்லவேள, கண்ணுல பட்டுது.”

இதோ, சொல்ல வேண்டிய இடம் இதுதான். அவரே கதவைத் திறந்து கொடுத்துவிட்டார்!

நான் முகத்தைச் சுளித்தேன். அதில் நடிப்பு இல்லை.

“சீ” என்றேன். “இப்படியும் மனுசங்க இருப்பாங்களாம்மா?”

அது அவருக்குப் பிடித்திருந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையைப் பின்னறையில் வைத்துவிட்டு வரச் சொன்னார். அறை சின்னது, ஆனால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். காலைக்கு உப்புமா போதும் என்றார்.

அடுப்பைப் பற்றவைத்து, கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டேன்.