அழிறப்பரும் முப்பத்திமூன்றாம் பக்கமும்

இரவல் நூலகக் கவுண்டரில் இருக்கிறவளுக்கு வாசிப்புப் பழக்கம் இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. திகதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தாமல் இருந்தால் போதும். அப்படி நினைத்துத்தான் நானும் வேலைக்குப் போனேன். ஒருகாலத்தில் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து ஏச்சு வாங்கியவர்களே, இப்போது ஒரு பக்கத்தை முடிக்குமுன் போனைத் தேடுகிறவர்களே, இது உங்களுக்கு. மகள் தூங்கிவிட்டாள். அவளுடைய மூச்சுக் கேட்கிற தூரத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

பொய் சொல்லிப் பிடித்த கதிரை

கண்டி நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் நூலகம். கொன்வென்டில் படித்த காலத்தில் நானும் அங்கே அங்கத்தவள். நடத்துகிற ஜெயம் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். என் முகம் அவருக்கு நினைவிருந்தது. "நீர் இப்பவும் வாசிக்கிறனீர்தானே?" என்று கேட்டார். "நிறைய வாசிக்கிறேன் அக்கா" என்றேன். சிஸ்டர்மார் பன்னிரண்டு வருடம் சொல்லித் தந்த உண்மை பேசுதல் அந்த நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

உண்மை இதுதான். மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். முதல் வருடம் முழுக்க இழுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவள் மூச்சை எண்ணுவதே என் வேலை. இப்போது அவளுக்கு மூன்று வயது, ஓடித் திரிகிறாள். என் காதுதான் இன்னும் அந்தக் கட்டிலடியில் நிற்கிறது. ஒரு வரி வாசித்து அடுத்த வரிக்கு இறங்குவதற்குள் இருமினாளா என்று அது போய்விடும். திரும்பி வந்தால் வாசித்த வரியும் இருக்காது. தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெயம் அக்காவோ திருப்தியாகத் தலையாட்டினார்: "நல்லது. வாசிக்காத ஆளை இந்தக் கதிரையில இருத்தினா, சனம் ஒரு கிழமையில கண்டுபிடிச்சிடும்."

முகம் கழுவிய புத்தகங்கள்

இரண்டாம் கிழமை, திரும்பி வந்த புத்தகமொன்றைப் புரட்டியபோது ஒரு பக்கத்தின் அடியில் பென்சில் புள்ளி. இன்னொன்றில் நட்சத்திரம். அடுத்ததில் பிறை. இன்னொன்றில் ஒரே பக்கத்தில் ஏழு விதமான கிறுக்கல். எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு கோடு போட்டவளை சிஸ்டர் முழங்காலில் நிறுத்துவார். இங்கே படித்த, நரைத்த மனிதர்கள் இப்படிச் செய்கிறார்களா?

அழிறப்பர் ஒன்று வாங்கினேன். ஆள் வராத மத்தியானங்களில், நான்கு நாளில், மூன்று அலுமாரிப் புத்தகங்களைச் சுத்தமாக்கினேன். வாசிக்கத் தேவையில்லாத வேலை. எனக்கு ஏற்ற வேலை. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் கிழமைக்கு இரண்டு தரம் வருவார். அவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன பிள்ளை, புத்தகங்கள் எல்லாம் முகம் கழுவிப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு!"

"என்ரை புள்ளி எங்கை?"

மூன்றாம் நாள் அதே மாஸ்டர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, கொண்டுபோன மூன்று புத்தகங்களையும் மேசையில் போட்டார். "மூண்டும் நான் வாசிச்சது! ஐம்பதாம் பக்கத்தில என்ரை புள்ளி இருக்கும். எங்கை அது?" அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அட்டையையும் தலைப்பையும் பார்த்து, வாசித்ததா வாசிக்காததா என்று ஞாபகம் வைக்க முடியாத அளவுக்கு வாசிக்கிறவர்கள் இவர்கள். ஆளுக்கொரு அடையாளம், ஆளுக்கொரு பக்கம். புத்தகத்தை எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அடையாளம் இருந்தால் திருப்பி வைப்பார்கள். இருபது வருட அடையாளங்களை நான் நான்கு மத்தியானத்தில் துடைத்திருந்தேன்.

அந்தக் கிழமை முழுக்கப் படிக்கட்டில் கோபமான காலடிகள்தான். ஜெயம் அக்காவிடம் அழிறப்பரைக் கொடுத்துவிட்டு நின்றேன். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் ஏசவில்லை. அதைவிடப் பயங்கரமானதைச் சொன்னார்: "இனி ஆக்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தா, கதையில கொஞ்சத்தைச் சொல்லும். வாசிச்சதோ இல்லையோ எண்டு அவையளுக்கு ஞாபகம் வரும். நீர்தான் நிறைய வாசிக்கிறனீரே!"

இல்லாத கதை

முதலில் அகப்பட்டவர் பரீதா தாத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பிறை அவருடைய அடையாளம். ஒரு தடித்த நாவலை நீட்டி, "இது என்ன கதை தங்கச்சி?" என்றார். முந்தின நாள் அதன் முதல் பக்கத்தை ஒன்பது தரம் வாசித்திருந்தேன். மழை பெய்தது என்பதைத் தவிர ஒன்றும் தலையில் நிற்கவில்லை. பின்னட்டையில் ஒரு தபால்காரர், ஒரு விதவை என்று இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விதவைக்கு வந்த கடிதங்களைத் தபால்காரர் ஒளித்து வைக்கிறார், பிறகு ஒவ்வொன்றாகத் தானே பதில் எழுதுகிறார் என்று நீட்டிக்கொண்டே போனேன். "இத நான் படிக்கல்ல" என்று ஆசையாக வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் வந்தார். புத்தகத்தை மெதுவாக மேசையில் வைத்து, ஜெயம் அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "தங்கச்சி, நீங்க சொன்ன கதை இதுக்குள்ள இல்ல. அது எந்தப் புத்தகத்துல ஈக்குது? எனக்கு அதுதான் வேணும்."

பிலிமத்தலாவை தாண்டி

அந்த வெட்கத்தில், அதே நாவலை வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் போட்டேன். என் வீடு பிலிமத்தலாவையில். மாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வாகன நெரிசலில் பேராதனை வரைக்கும் பஸ் ஊர்ந்தது. வேறு வழியில்லாமல் திறந்தேன். மழை பெய்தது. பிறகு தபால்காரர் குடையை மறந்துவிட்டு வந்தார். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது.

ஒரு பக்கத்தைத் திருப்பத் தூக்கியபோது, மேற்கு வெயில் அதற்குள்ளால் ஊசிமுனை அளவு வந்து கண்ணில் குத்தியது. முப்பத்திமூன்றாம் பக்கம். இலக்கத்தின் நடுவில் ஒரு துளை. பத்தாம் வகுப்பு வரவு இடாப்பில் என் இலக்கம் முப்பத்திமூன்று. பென்சிலால் எழுதினால் சிஸ்டர் கண்டுபிடிப்பார் என்று, வாசித்து முடித்த புத்தகத்தில் அவரவர் இலக்கப் பக்கத்தில், சட்டையில் குத்துகிற ஹவுஸ் பட்ஜின் ஊசியால் நாங்கள் துளை போடுவோம்! அழிறப்பரோடு அலைந்த யோக்கியவதி நான்தான். அந்தக் காலத்தில் இதே நூலகத்தில் எடுத்து, இதை முழுதாக வாசித்திருக்கிறேன். ஒரு சொல்கூட ஞாபகமில்லை. நிமிர்ந்தேன். வெளியே கடுகண்ணாவைக் கடைகள். கொண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி: "நங்கி, பிலிமத்தலாவையில நான் மூணு தரம் கத்தினேன். நீங்க புத்தகத்தப் பாத்து சிரிச்சிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல்ல."

எந்தப் பயம் பெரியது?

எதிர்ப்பக்கம் ஓடி, வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு மணித்தியாலம் என் மகள் என் தலையில் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தரம். அவளுக்கு இழுப்பு வந்திருக்கும், அதை நான் எண்ணாததால்தான் வந்திருக்கும் என்று பஸ் முழுக்கத் தோன்றியது. அவளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு மெனிக்கே அக்காவின் குசினியில் அவள் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. நான்தான் இழுத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் பரீதா தாத்தா வந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: முதல் நாள் பொய், இல்லாத கதை, துளை, கடுகண்ணாவை. பிள்ளையை மறந்தேன், வாசித்ததை மறந்தேன், என் தலையில் என்னதான் மிச்சம் இருக்கிறது தாத்தா என்று அழுதேன். அவர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "மறந்ததையே எண்ணிட்டு ஈக்கிறீங்க. ஒரே இருப்புல முப்பத்திமூணு பக்கம் தங்கச்சி, அத எண்ணினீங்களா? மிச்சத்தயும் படிச்சிட்டு, தபால்காரனுக்கு என்ன நடந்தெண்டு சொல்லுங்க. நான் பாதியில திருப்பித் தந்திட்டன்."

இப்போதெல்லாம் முடித்த புத்தகத்தில் நானும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுகிறேன். ஊசித் துளையை, பிலிமத்தலாவையில் இறங்க மறக்கவைக்கிற புத்தகங்களுக்கென்று மட்டும் வைத்திருக்கிறேன்.